ஒரே பட்டம், நாலு கெம்பஸ்: மலையக மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை முடிவு வந்து, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலும் கையில் கிடைத்துவிட்டால் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துக் கொமினிகேஷன் கடைகளில் ஒரே பேச்சுத்தான். எதை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது? மருத்துவமா பொறியியலா என்று குழம்புகிறவர்கள் கொஞ்சப் பேர். ஒரே கற்கைநெறி நாலைந்து இடத்தில் இருப்பதால் குழம்புகிறவர்களே அதிகம். அவர்கள் வழக்கமாகக் கேட்பதையும், உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு பழகுகிறவன் என்ற முறையில் நான் சொல்லும் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரே படிப்புப் பல இடத்தில் இருக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

துறையைப் பாருங்கள். நீங்கள் படிக்கப் போவது பல்கலைக்கழகத்தில் இல்லை, அதிலுள்ள ஒரு துறையில். பொருளியல் படிக்கிற பிள்ளைக்கு அந்தக் கெம்பஸில் பல் மருத்துவ பீடம் இருப்பதால் என்ன பயன்? பொருளியல் துறையில் எத்தனை நிரந்தர விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள், உங்கள் மொழியில் பாடம் நடக்கிறதா, நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறார்கள் என்பதுதான் உங்கள் நாலு வருடத்தைத் தீர்மானிக்கும். எல்லாத் துறைகளுக்கும் இணையத்தில் பக்கம் உண்டு. விரிவுரையாளர் பட்டியலைப் போனிலேயே பார்த்துவிடலாம். படிப்பு விடுமுறையில் வெளிநாடு போனவர்களையும் அந்தப் பட்டியலில் போட்டிருப்பார்கள், அதனால் உண்மையில் யார் வகுப்பெடுக்கிறார்கள் என்று அங்கே படிக்கிற ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வெட்டுப்புள்ளி கூடின இடம்தானே நல்ல இடம்?

அப்படிச் சொல்ல முடியாது. வெட்டுப்புள்ளி என்பது அந்த மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட் புள்ளி (ஏ.எல். பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் தரப்படுத்தல் புள்ளி), அவ்வளவுதான். எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் அதை மேலே போட்டார்கள் என்பதை அது காட்டும். பழைய பெயர், வீட்டுக்குக் கிட்ட, அண்ணன் படித்த இடம் என்று ஆட்கள் விரும்பினால் புள்ளி ஏறும். பாடம் எப்படி நடக்கிறது என்பதற்கும் அதற்கும் பெரிய சம்பந்தமில்லை. வருடத்துக்கு வருடம் மாறவும் செய்யும். போன வருடத்து வெட்டுப்புள்ளியைப் பார்த்து ஒரு கணக்குப் போடலாம், அதையே விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் ஹட்டனில் படித்தேன், என் பெரியம்மா மகள் நாவலப்பிட்டியில். கிட்டத்தட்ட ஒரே இசட் புள்ளி. எனக்குக் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைக்கவில்லை. எப்படி?

ஹட்டன் நுவரெலியா மாவட்டம், நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் நாடு முழுவதற்குமான திறமை வரிசைப்படி போகும். 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மிச்சம் 5 வீதம் கல்வி வசதி குறைந்தவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். நம் பக்கத்தில் நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி நாலும் அந்தப் பதினாறில் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. கண்டி மாவட்டத் தோட்டங்களிலும் அதே லயம், அதே சம்பளம் என்று கேட்டால் நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு மாவட்டப்படிதான் நடக்கிறது.

இன்னொன்று, மாவட்டம் தீர்மானிக்கப்படுவது வீட்டு விலாசத்தால் இல்லை, ஏ.எல். எழுதுவதற்கு முந்திய வருடங்களில் படித்த பாடசாலையால். நுவரெலியா மாவட்டத்துப் பிள்ளையை ஏ.எல். படிக்கக் கண்டிக்கு அனுப்பும் பெற்றோர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். சில கற்கைநெறிகளுக்கு மாவட்டப் பங்கே கிடையாது, நாடு முழுவதும் ஒரே வெட்டுப்புள்ளி. கைநூலில் அவை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

விருப்ப வரிசையில் கிடைக்கக்கூடியதை மேலே போடுவதா, விரும்புவதை மேலே போடுவதா?

விரும்புவதை. இதில்தான் ஆகக் கூடுதலான பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இணைய விண்ணப்பத்தில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து ஒரு குறியீடு இருக்கும். யூனிகோட் என்பார்கள். ஒரே கற்கைநெறி ஐந்து இடத்தில் இருந்தால் ஐந்து யூனிகோட். அவற்றை உங்கள் விருப்பப்படி வரிசையாகப் போடுகிறீர்கள். தெரிவு நடக்கும்போது உங்கள் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். உங்கள் புள்ளிக்கு எட்டுகிற முதல் இடம் எதுவோ அது உங்களுக்கு. அதற்குக் கீழே இருப்பதை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

அதனால் எட்டாத ஒன்றை முதலாவதாகப் போட்டால் நட்டம் எதுவும் இல்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள், 'முதலாவதாகப் போடவில்லையே' என்று இரண்டாவதில் உங்களைத் தள்ளமாட்டார்கள். ஆனால் "இது நிச்சயம் கிடைக்கும், மேலே போட்டு வைப்போம்" என்று விருப்பமில்லாத இடத்தை முதலில் போட்டால் அதுதான் கிடைக்கும். பேராதனைக்குப் போதிய புள்ளி இருந்தும் பயத்தில் வேறொன்றை மேலே போட்டுவிட்டு, வெட்டுப்புள்ளி வெளியான அன்று கைநூலும் கையுமாக வந்து நிற்கிற பிள்ளைகள் உண்டு. அப்போது ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே போனபிறகு பல்கலைக்கழகம் மாறுவதும் லேசில் நடக்காது, "பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அப்புறம், கிடைத்தாலும் போகவேமாட்டேன் என்கிற இடத்தைப் பட்டியலை நிரப்புவதற்காகப் போடாதீர்கள். கொமினிகேஷனில் டைப் செய்து தருகிற தம்பி வரிசையை மாற்றிவிடாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் யூனிகோட் வேறு பல்கலைக்கழகம் ஆகிவிடும். போன் நம்பரும் ஈமெயிலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். தோட்டத்து விலாசத்துக்கு வரும் கடிதம் ஆபீசில் எத்தனை நாள் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும், குறுஞ்செய்தியாவது நேரே கைக்கு வரட்டும்.

கலைப்பீடம் கிடைக்கும். பேராதனையா, யாழ்ப்பாணமா, கிழக்கா?

மலையகத்தில் ஆகக் கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி இது.

பேராதனைக்குப் பழமை உண்டு. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு வந்தது. மாணவர் தங்கிப் படிக்கும் இடமாகவே திட்டமிட்டுக் கட்டியதால் இராமநாதன், அருணாசலம் என்று பெயர் சொல்லும் விடுதி மண்டபங்கள், பெரிய நூலகம், பல இனத்துப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு எல்லாம் இருக்கின்றன. கலைப்பீடத்தில் தமிழ்மொழி மூலமும் உண்டு. ஆனால் எல்லாப் பாடமும் தமிழில் நடக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். சில துறைகளில் சிங்களமும் ஆங்கிலமும்தான். நீங்கள் ஏ.எல். செய்த மூன்று பாடத்தில் எது அங்கே தமிழில் தொடரும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழில் கிடைக்கிற பாடத்துக்கே எல்லாரும் போவதால் சிறப்புப் பட்டத்துக்கு அங்கே நெருக்கடியும் கூட.

யாழ்ப்பாணம் 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகம் ஆனது, வந்தாறுமூலையில் இருக்கிறது. இந்த இரண்டிலும் கலைப்பீடத்துப் பாடங்களைத் தமிழில் எடுக்கப் பேராதனையை விட வசதி அதிகம். புவியியல், வரலாறு, பொருளியல் என்று தமிழில் படித்துச் சிறப்புப் பட்டம் வரை போக விரும்பும் பிள்ளைக்கு இது பெரிய விசயம். நாடகம், இசை, நடனம் என்றால் மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், யாழ்ப்பாணத்தில் அழகியல் படிப்பும் இருக்கின்றன. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற இடம்தான், பட்டியலிலிருந்து காரணமில்லாமல் விட்டுவிடாதீர்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால்: ஆசிரியத் தொழிலுக்கோ தமிழ்மொழி மூல நிர்வாக வேலைக்கோ போகிற எண்ணமிருந்தால், உங்கள் பாடத்தில் சிறப்புப் பட்டம் எங்கே கிடைக்க வாய்ப்புக் கூடவோ அந்த இடம் மேலே. கொழும்பு, கண்டிப் பக்கத்தில் தனியார் வேலை, தொண்டு நிறுவன வேலை என்றால் சிங்களமும் ஆங்கிலமும் காதில் விழுந்துகொண்டே இருக்கிற பேராதனை மேலே. பேராதனைக்காரர் உசத்தி, யாழ்ப்பாணக்காரர் உசத்தி என்ற சண்டையைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பேராதனையில் படித்த கைலாசபதிதான் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர். பேராதனைத் தமிழ்த்துறைப் பேராசிரியர் வித்தியானந்தன் பிற்பாடு யாழ்ப்பாணத்தில் துணைவேந்தரானார்.

விவசாய பீடம் பல இடத்தில் இருக்கிறதே. பட்டம் ஒன்றுதானே?

பெயர் ஒன்று, மண் வேறு. பேராதனையில் படிப்பவருக்குத் தாவரவியல் பூங்கா, விவசாயத் திணைக்களம், கன்னொறுவை ஆராய்ச்சி நிலையம் எல்லாம் கூப்பிடு தூரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில், முழுக்க உலர்வலயம். குளத்து நீர்ப்பாசனம், நெல், வரட்சி என்று அங்கே கண்ணெதிரே பார்க்கும் பிரச்சினைகள் வேறு. தேயிலையும் மலைநாட்டு மரக்கறியும் உங்கள் விருப்பம் என்றால் பேராதனையைப் பாருங்கள், அதோடு பதுளையில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அங்கே ஏற்றுமதி விவசாயத்துக்கென்றே படிப்பு இருக்கிறது, கற்பித்தல் ஆங்கிலத்தில். 1920களில் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் அதன் கேட்டைத் தாண்டி உள்ளே போனதில்லை. இறுதி வருட ஆய்வுக்கு அங்கே போக வழி உண்டா என்று துறையில் கேட்டுப் பாருங்கள்.

மிருக வைத்தியம் என்றால் யோசிக்க வேண்டியதில்லை, அந்தப் பீடம் பேராதனையில் மட்டும்தான்.

மருத்துவம், பொறியியல்?

எங்கும் ஆங்கிலம்தான், எங்கும் முழுநேரப் படிப்புத்தான். மருத்துவத்தில் எந்தப் பீடத்தில் முடித்தாலும் பிறகு அதே உள்ளகப் பயிற்சி. அதனால் செலவும் தூரமும் குறைந்ததை மேலே போட்டாலும் பிழையில்லை. பொறியியலில் மட்டும் எந்தெந்தப் பிரிவு அங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிவில் வேண்டும், மெக்கானிக்கல் வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் முதல் வருடத்துக்குப் பிறகு பிரிவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதையும் கேட்டறியுங்கள்.

பொதுப் பட்டம், சிறப்புப் பட்டம் என்கிறார்களே?

பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நாலு. பல பீடங்களில் முதல் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான் சிறப்புக்கு எடுப்பார்கள். முகாமைத்துவம், தொழில்நுட்பம் போன்ற சிலவற்றில் எல்லாருக்கும் நேரே நாலு வருடம். மேலே படிக்கவும் விரிவுரையாளர் ஆகவும் சிறப்புப் பட்டம் தேவைப்படும். எனவே ஒரே கற்கைநெறி இரண்டு இடத்தில் இருந்தால், சிறப்புக்குப் போகும் வாய்ப்பை ஒப்பிடுவது கட்டாயம்.

ஆங்கிலத்தில் படிப்பிப்பார்களாம். பயமாக இருக்கிறது.

எல்லாருக்கும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருக்கும். கொழும்பிலிருந்து வந்த பிள்ளைகளில் பலருக்கும் அதே கதை. இந்த ஒரு பயத்துக்காக விஞ்ஞான பீடத்தை விட்டு ஓடாதீர்கள். ஏ.எல். முடிந்து கெம்பஸ் தொடங்கும்வரை நீண்ட இடைவெளி கிடைக்கும். அந்தக் காலத்தில் உங்கள் பாடத்தின் ஆங்கிலச் சொற்களைப் பழகினால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

எனக்கு ஒரே மகள். தூரத்துக்கு அனுப்ப யோசனையாக இருக்கிறது ஐயா.

உங்கள் கவலை விளங்குகிறது அப்பா. ஆனால் கிலோமீற்றரை வைத்து மட்டும் அளக்காதீர்கள். விடுதி கிடைக்கிற தூரத்துக் கெம்பஸ், விடுதி கிடைக்காத கிட்டத்துக் கெம்பஸை விடப் பல நேரம் பாதுகாப்பானது, செலவும் குறைவு. முதல் வருடத்துக்கும் கடைசி வருடத்துக்கும் விடுதி கொடுத்து நடு வருடங்களில் வெளியே அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. நடுவில் போடிங் எங்கே, மாதம் எவ்வளவு, இரவு விரிவுரை முடிந்து நடந்து வரக்கூடிய பாதையா என்று அங்கே படிக்கிற ஒரு பெண் பிள்ளையிடம் மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் "ஒரு பிரச்சினையும் இல்லை அங்கிள்" என்றுதான் பதில் வரும்.

தூரம் என்பதையும் பாதையை வைத்துப் பாருங்கள். பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, நுவரெலியா, பதுளை, பிபிலை வழியாகப் போய் முடிவது செங்கலடியில். வந்தாறுமூலை அதற்குப் பக்கத்து ஊர். பதுளைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கிழக்குப் பல்கலைக்கழகம் அவ்வளவு அந்நியமான இடமில்லை. யாழ்ப்பாணம் போகும் ஏ9 கண்டியிலிருந்துதான் புறப்படுகிறது, வழியில் வவுனியா. அங்கே யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்தது 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, முகாமைத்துவம், கணினிப் படிப்புகளுக்கு அதையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் மண்சரிவு வந்தால் நம் பக்கம்தான் முதலில் துண்டிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். கிட்ட இருக்கிறோம் என்று வாராவாரம் வீட்டுக்கு வந்துபோகிற திட்டம் போட்டால் படிப்புத்தான் அடிபடும்.

பகிடிவதை?

எங்கும் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத் தண்டனை வரை போகும். மாணவ ஆலோசகரிடமோ ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். உங்கள் ஊர் சீனியரைத் தெரிந்து வைத்திருப்பது உதவும். ஆனால் பகிடிவதைக்குப் பயந்து நல்ல துறையைக் கீழே போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மலையகத்துப் பிள்ளை என்று ஒதுக்குவார்களா?

சில வாய்களிலிருந்து வரும். "தோட்டமா?" என்று இழுத்துக் கேட்கிறவர்கள் வடக்கிலும் உண்டு, கொழும்பிலும் உண்டு, கண்டியிலும் உண்டு. அதே இடங்களில் வகுப்புக் குறிப்பைக் கொடுத்துச் சோறும் போட்ட நண்பர்களும் கிடைப்பார்கள். மலையக மாணவர் ஒன்றியம் இயங்குகிற கெம்பஸ் என்றால் முதல் மாதம் சுலபமாகப் போகும், அது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

செலவுக்கு என்ன வழி?

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. சாப்பாடு, போடிங், பஸ், போட்டோக்கொப்பி, போன் ரீலோட் எல்லாம் உங்கள் கணக்கு. 1981இலிருந்து மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்தினார்கள், மகாபொல கிடைக்காதவர்களுக்கான பர்சரி உதவிப்பணத்தை 4,000இலிருந்து 6,500 ஆக. வருடத்துக்குப் பத்துத் தவணைதான், பன்னிரண்டு இல்லை. அதாவது அந்த 2025 தொகைப்படி மகாபொல முழுதாக வந்தாலும் வருடத்துக்கு 75,000. முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் செல்லும், அதுவரைக்கும் வீட்டில் ஏதாவது சீட்டுப் பிடித்து வைத்திருந்தால் தப்பிக்கலாம்.

இரண்டுக்கும் குடும்ப வருமானம் காட்ட வேண்டும். தோட்டத்துச் சம்பளச் சீட்டுகளை எறியாமல் சேர்த்து வையுங்கள், கிராம சேவகரிடம் போகும்போது வாயால் சொல்வதை விட அவை பேசும். இந்திய அரசின் உதவியோடு நடக்கும் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியமும் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. பத்திரிகையில் அறிவித்தல் வரும்போது கவனித்து விண்ணப்பியுங்கள்.

ஒரே மாதிரியான இரண்டு கெம்பஸ்களை ஒப்பிடும்போது, இரண்டிலும் ஒரு மாதம் சாப்பிட்டுத் தங்க எவ்வளவு ஆகிறது என்று ஆளுக்கொரு சீனியரிடம் கேட்டு, மகாபொலவைக் கழித்துப் பாருங்கள். மிச்சத் தொகையை வீட்டால் நாலு வருடம் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இடையில் நின்றுவிட்ட பட்டத்துக்கு எந்தப் பெயரும் உதவாது.

கிடைத்தது பிடிக்கவில்லை. இன்னொரு தடவை எழுதலாமா?

மூன்று தடவைக்குள் எடுத்த பெறுபேறுதான் அனுமதிக்குக் கணக்கு. இப்போது எத்தனையாவது என்று பாருங்கள். கிடைத்த இடத்தில் பதிவு செய்துவிட்டால் அடுத்த வருடப் பெறுபேற்றோடு மீண்டும் விண்ணப்பிக்கும் வழி பொதுவாக அடைபட்டுப் போகும், பதிவுக்கு முன் கைநூலில் தகுதியற்றோர் பற்றிய பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள். முதல் தடவையில் கொஞ்சப் புள்ளியில் மருத்துவம் தவறியவர் மீண்டும் எழுதுவதில் அர்த்தம் உண்டு. அதே கலைப்பீடத்தை வேறு ஊரில் படிப்பதற்காக ஒரு வருடத்தைக் கொடுப்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்?

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்றவற்றுக்குத் தனியாக விண்ணப்பம் கோருவார்கள், ஆசிரியராக விரும்புகிறவர் அதைத் தவற விடக்கூடாது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி தேவையில்லை, கண்டியிலும் பதுளையிலும் நிலையங்கள் இருக்கின்றன, ஆனால் கட்டணம் உண்டு. தனியார் நிறுவனம் என்றால் அந்தப் பட்டம் ஆணைக்குழுவால் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்த்த பிறகுதான் காசு.

பதிவுக்கு எதைத் தயார் செய்து வைக்க வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பெறுபேற்றுச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம். நாலையும் மேசையில் பக்கத்துப் பக்கமாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பதிவில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி இருக்கும். சிங்களத்திலிருந்து தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும்போது ஒரு எழுத்துப் போயிருக்கும், இல்லாவிட்டால் முதலெழுத்து மாறியிருக்கும். பதிவு நாளில் இது தெரிந்தால் அலைச்சல்தான். பெறுபேறு வந்த கையோடு பிரதேச செயலகத்துக்குப் போய்த் திருத்த விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், திருத்திய பிரதி கைக்கு வர நாளெடுக்கும்.